பாப்பாத்தி பேர் வெட்டிய டம்ளர்

செட்டிகுளத்தில் உட்கார்ந்து ஆடும் கண்ணையனின் டம்ளரில் தண்ணீர் எதற்கு நடுங்க வேண்டும்?

ரெட்டிபாளையத்தில் நடுங்கினால் நியாயம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மதிய வெடி வைத்தால் ஜன்னல் கடகடக்கும், பரணில் பாத்திரம் முனகும், பல்லில் தூசி நறநறக்கும். கல்யாணமாகி வந்த நாளாய் சிந்துவுக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் செட்டிகுளம் எங்கே, ரெட்டிபாளையம் எங்கே! இங்கே அவள் மேசை அதிர்ந்த அதே நொடியில், திரையில் கண்ணையனின் கட்டத்துக்குள் இருந்த டம்ளர்த் தண்ணீர் வளையம் வளையமாக ஓடி அடங்கியது.

அது இறுதிப் போட்டி. டிவிப் பெட்டியில் மாட்டி ஆடிய காலத்துக் கார் பந்தய விளையாட்டு. அதைக் குடைந்து மாற்றி, பெரம்பலூர்–அரியலூர் சாலையையும் சிமெண்ட் லாரிகளையும் உள்ளே நுழைத்தவன் விக்கி. சிந்துவோடு காலேஜில் படித்த பெரம்பலூர்ப் பையன். அதை வைத்து ஆன்லைனில் போட்டி நடத்துகிறவள் சிந்து. அவள் நடத்தினால் கள்ளாட்டம் நடக்காது என்று ஒரு பேர் உண்டு. அவளுக்கென்று இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

சும்மா வந்த பேரா அது? யாருக்கு நெட் மெதுவோ அவர் அளவுக்கு மற்ற எல்லா வண்டிகளையும் தாமதப்படுத்துவார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பவன் விக்கி. நடத்துகிற இருவரும் ஆடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே கை விதி. தலைக்கு மேல் ஒரு கேமராவை மாட்டி, பந்தயம் முடியும்வரை கைகளைக் காட்ட வேண்டும். முகம் வேண்டாம், கை போதும். கை மறைந்தால் அவுட். ஊருக்குத்தான் உபதேசமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று சிந்து தன் கைகளையும் ஒரு கட்டத்தில் காட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணையனின் கைகளை இப்போதுதான் உற்றுப் பார்த்தாள். நீளமான கைகள். நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூசி. எவ்வளவு வளைவான சாலையிலும் விரல்கள் பதறுவதில்லை. ஒரு கை மெல்ல நகர்ந்து டம்ளரைத் திருப்பி வைத்தது. எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து வெளிச்சத்தில் தெரிந்தது. பாப்பாத்தி.

அவள் அம்மாவின் பேர். சீர் வரிசையில் வந்த டம்ளர். போன மாதம் அடுப்படியிலிருந்து காணாமல் போய், வீடெல்லாம் தேடிச் சலித்த டம்ளர்.

மைக்கை அணைத்துவிட்டு, மேசையிலிருந்த போனில் விக்கியைக் கூப்பிட்டாள்.

"கண்ணையன் யாருடா?"

"ஏன் கேக்குற?" பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"எங்கம்மா பேர் வெட்டுன டம்ளர் அவன்ட்ட இருக்கு."

ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. "சாரி சிந்து. கண்ணையன்னு யாரும் இல்ல. நான்தான். பழைய கம்ப்யூட்டரெல்லாம் வைக்கச் சொல்லி உங்க மாடி ரூம் சாவி குடுத்தல்ல... போன மாசம் அங்கேர்ந்துதான் ஆடுனேன். ஆட்டம் ஓடுறது உன் கம்ப்யூட்டர்லதானே. உன் நெட்லயே இருந்தா தாமதமே வராது, கணக்குப் பாக்குறதும் நான்தான்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! "பாவி! எத்தன நாள் என் வூட்டுச் சோறு தின்னுருப்ப! என் பேரக் கெடுக்கவா கூடவே இருந்த?" என்று கத்தினாள். கத்தி முடிக்கும்போதுதான் அந்த பஸ் இரைச்சல் மண்டையில் உறைத்தது.

"இப்ப எங்க இருக்க?"

"பெரம்பலூர்லதான்."

"அப்ப மேல ஆடுறது யாரு?"

"தெரியல சிந்து. அன்னைக்கிக் கன்ட்ரோலரக் கீழ வச்சுட்டுத் தண்ணி குடிக்கத் திரும்புனேன். வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. பாத்தா, ரெண்டு கை. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு, ரூமப் பூட்டிட்டு ஓடியாந்துட்டேன்."

"போன மாசமா? ஒரு வார்த்த சொல்லலியேடா! அவரு ஷிஃப்டுக்குப் போனா நான் ஒண்டியா கெடக்குற வூடுடா இது!"

"அது ஜெயிச்சுக்கிட்டே இருந்துச்சு. கண்ணையன் கப்பு எனக்குத்தானேன்னு... விட்டுட்டேன்."

அவன் அழுதானா, போனை வைத்தானா, அவளுக்குத் தெரியவில்லை. பத்து வருஷச் சிநேகிதன். கள்ளாட்டம் ஆடியதைக்கூட என்றைக்காவது பொறுத்திருப்பாள். ஒரு கப்புக்காக, மாடியில் ஏதோ குந்தியிருப்பது தெரிந்தே, அவளைக் கீழே படுத்துத் தூங்க விட்டிருக்கிறான்.

திரையைப் பார்த்தாள். கண்ணையனின் கட்டத்தில் கன்ட்ரோலர் மட்டும் கிடந்தது. கைகள் இல்லை. டம்ளர் இல்லை. அவன் வண்டி மட்டும் இரண்டு லாரிகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போலப் போய்க்கொண்டிருந்தது.

மேலே பூட்டு தரையில் விழுந்தது.

படியில் காலடி. அவசரமில்லாத காலடி. வாசல் கதவுக்குப் போகவேண்டுமென்றால் அந்தப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஈரச் சுண்ணாம்பு வாடை. புதுசாகத் தோண்டிய குழியின் வாடை.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஆடும் வாசிம் எழுதினான்: 'அக்கா, கண்ணையன் கையக் காணோம். அவுட்டா?'

காலடி நின்றது. அவள் நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பவில்லை. திரையை மட்டும் பார்த்தாள். தன் கட்டத்தை. தன் இரண்டு கைகளை.

ணங்.

டம்ளர் வைக்கும் சத்தம்.

வாசிம் மறுபடி எழுதினான்: 'இல்லக்கா, கை தெரியுது. உங்க கட்டத்துல இருக்கு.'

நான்கு கைகள். நகக்கண்ணில் வெள்ளைத் தூசி படிந்த இரண்டு, அவள் கைகளின் மேல் மெல்ல வந்து படிந்தன.