இறங்க அனுமதி

கடுகண்ணாவையிலுள்ள பழைய தேயிலை ஸ்டோருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மழை விட்டிருந்தது. பள்ளத்திலிருந்து ஏறிய பனி வாசல்வரை வந்து நின்றது. நவரட்ணராஜா சேர் விமானம் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துபவர். நான் அவருடைய டிரைவர்.

உள்ளே, விபத்துக்குப் பின் கொண்டுவந்து வைத்த பள்ளியின் சிறிய விமானம், மூக்கு நசுங்கி, தூக்கி நிறுத்தும் ஜக்குகளின் மேல் நின்றது. போன வாரம் அதைத் தரையிறக்கும்போதுதான் அஷ்வினி செத்துப்போனாள். கெலிஓயா ஊர்ப் பிள்ளை, பள்ளியில் மற்றவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவள்.

மூக்கடிச் சக்கரமான முன்சில்லு இறங்கிச் சரியாகப் பூட்டிக்கொண்டால் பச்சை லைட் எரியவேண்டும். அன்று எரியவில்லை. அவள் மேலே சுற்றிக்கொண்டே, இறங்கலாமா என்று ரேடியோவில் கேட்டாள். அந்த லைட் அடிக்கடி அணையும். விரலால் தட்டினால் எரியும். பள்ளியில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"பல்ப்தான் பிழை. இறங்கு பிள்ளை" என்றார் சேர். நான் பக்கத்தில் நின்றேன்.

பல்பில் பிழையில்லை. முன்சில்லைத் தாங்கும் போல்ட் வெடிப்பு விட்டிருந்தது.

"நாளைக்கு விசாரிக்க வருவினம். அந்த போல்ட் இருக்கக் கூடாது" என்றார் இப்போது. "பெட்டை சில்லை இறக்க மறந்திட்டாள். அவ்வளவுதான். விளங்குதோ?"

"அவங்க அம்மாவும் வருவாங்களே சேர். மகமேல பழி போட்டா..."

"உம்மட்ட புத்தி கேக்கேல்லை. டோர்ச்சைப் பிடியும்."

போல்ட் கழற்றும் சாவியோடு விமானத்தின் அடியில் நுழைந்தார். பெற்றோல் எப்போதோ வடித்தாயிற்று. ஆனாலும் அதன் மணம் திடீரென்று எழுந்தது.

விமானத்துக்குள் ரேடியோ கரகரத்தது.

"பட்டரியைக் கழட்டேல்லையோ?"

கழற்றியிருந்தோம். அது என் காலடியில் கிடந்தது.

"முன்சில்லு பூட்டல, சேர்."

அஷ்வினி. அன்று பேசிய அதே நிதானம்.

டோர்ச்சை விமானத்துக்குள் அடித்தேன். உள்ளே ஆளில்லை. சேர் அசையவில்லை.

"எறங்கவா, சேர்?"

"வேண்டாம்" என்றார். "வேண்டாம் பிள்ளை. மேலயே நில்லு."

இறக்கைகள் மெல்ல அதிர்ந்தன.

"பல்ப்தானே பிழை" என்றது ரேடியோ.

ஜக்குகள் சரியவில்லை. யாரோ பொறுமையாகச் சுற்றித் தணிப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. நான் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தேன். பாதி உடம்புதான் வெளியே வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கும் சத்தம் நின்று நிதானமாகக் கேட்டது.

போல்ட் உருண்டு என் செருப்பில் முட்டியது.

மறுநாள் கண்டி ஆஸ்பத்திரி வார்டில் அதை விசாரணை அதிகாரி இன்ஷாபின் கையில் வைத்தேன். அஷ்வினியின் அம்மா ஐரின் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"இது உங்கட விமானத்திலதானே இருந்த?" என்று இன்ஷாப் கேட்டார்.

நொறுங்கிய கால்களை இரவே வெட்டி எடுத்திருந்தார்கள். சேர் என்னை ஒருமுறை முறைத்தார். பிறகு தலையை ஆட்டி மறுத்தார். "எனக்குத் தெரியாது. பெட்டைதான் சில்லை இறக்க மறந்தவள்."

ஐரின் அழவில்லை. கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் எனக்கும் கேட்டது. வார்டுக்கு மேலே, மிகத் தாழ்வாக, வட்டமடிக்கும் ஒரு சிறிய இஞ்சின்.

சேரின் வாய் தானாகத் திறந்தது. உதடு அசையவில்லை. வந்தது பெண்குரல்.

"நான் இன்னும் எறங்கல."