பழைய கணினியில் மார்ச் பதினான்கு

பழைய கணினியின் மூலையில் தேதி 2019 மார்ச் 14 என்று காட்டியது. மர்சலின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதேதான். கைப்பேசியிலோ 2026 மார்ச் 15, ஞாயிறு, மதியம் மூன்று மணி. ரொனால்ட் போய்ச் சேர்ந்து இன்றோடு ஏழு வருஷம்.

அடையாறில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் அந்த அறக்கட்டளையில் அவளுக்குப் பத்து வருஷ வேலை. குரல்வளையை எடுக்கப்போகிறவர்களை அறுவைக்கு முன் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, பத்து வாக்கியம் பேசச் சொல்லிப் பதிவு செய்வார்கள். அவள் புருஷன் ரொனால்டும் அங்கே பேசியவன்தான். மறுநாள் அறுவை மேஜையிலேயே போய்விட்டான். அந்தப் பதிவைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இத்தனை வருஷம் வரவில்லை. காலையில் மகள் ஜெசிகா, "அப்பா குரலே எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றுவிட்டாள். சர்ச்சில் மாலை நினைவுப் பூசை தொடங்கும் முன் எடுத்துப்போய்ப் பெண்ணின் காதில் வைத்துவிட வேண்டும்.

புதுக் கணினி மசியவில்லை. பழைய பதிப்பில் எடுத்த நகலைத் திறக்க முடியாது என்று நாலு தரம் சொல்லிவிட்டது. ஸ்ரீவத்சனை அழைத்தாள். கணினிகளைப் பார்த்துக்கொள்பவன், கூடப் பிறக்காத தம்பி என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

"அக்கா, கோச்சுக்காதீங்கோ. பழைய சாஃப்ட்வேர் லைசென்ஸ் எப்பவோ முடிஞ்சுடுத்து. அதான் அந்த மிஷின்ல தேதியை லைசென்ஸோட கடைசி நாளுக்குத் தள்ளி வெச்சேன். தினமும் அங்கயே திரும்பிடும்."

"அப்ப நான் தினம் சாயங்காலம் எடுத்த பேக்கப்?"

"எல்லாம் அந்த ஒரே நாள்தான்க்கா. அது மேலயே அது எழுதிண்டிருக்கும்."

"ஏழு வருஷமா சொல்லலையேடா, பாவி! நம்பவெச்சுக் கழுத்தறுத்துட்டியே!"

வைத்துவிட்டாள். 'எது கேட்டாலும் ஆம் குடுங்கோ' என்ற அவன் பேச்சை நம்பித்தானே, 'இதே தேதியில் நகல் உள்ளது, அதன்மேல் எழுதவா?' என்று திரையில் ஒரு பெட்டி கேட்கும்போதெல்லாம் 'ஆம்' அழுத்திவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஏசி ஓடாத அறையில், சத்தம் தடுக்கச் சுவரில் ஒட்டிய பழைய பஞ்சின் புழுக்க வாடை. மூடிய ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸின் உறுமல் தேய்ந்து போக, தகரக் கூரையில் காகம் ஒன்று கொத்திக்கொண்டிருக்க, அவள் பழைய கணினியிலேயே பதிவை ஓடவிட்டாள். 

"என் பெயர் ரொனால்ட். எனக்குத் தண்ணீர் வேண்டும்."

அவனேதான். இடையில் பனங்கற்கண்டைக் கடிக்கும் நறுக் சத்தமும் அவனுடையதுதான். மர்சலின் வாய்விட்டு அழுதாள். பத்து வாக்கியமும் முடிந்தன.

"என் பெயர் ரொனால்ட்."

மறுபடியும். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. முடிந்ததும் இன்னொரு தரம். இன்னும் கம்மல். நாலு நிமிஷப் பதிவு இது. திரையில் நீளம் நூற்றெழுபது மணி நேரம்; தினம் நாலு நிமிஷமாக ஏழு வருஷம். நடுவில் தள்ளிக் கேட்டாள். அழுகை. கடைசிக்குத் தள்ளினாள். வெறும் காற்று. வறண்ட காற்று. அதற்குள் சொற்கள்.

"தண்ணீர் வேணும் மர்சலின். போதும்னு எத்தனை நாளா சொல்றேன். நீதானே தினமும் 'ஆம்'னு அழுத்துற."

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

பனங்கற்கண்டு வாசனை.

கண்ணாடி அறையில் சிவப்பு விளக்கு. நாற்காலியில் யாரோ. கட்டம்போட்ட சட்டை. ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன அதே சட்டை.

திரையில் பெட்டி. 'அதன்மேல் எழுதவா? இல்லை என்றால் இந்த நகல் அழியும்.'

அவன் எழுந்து வந்தான். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டினான்.

அழித்துவிட்டால் ஜெசிகாவுக்கு என்ன இருக்கிறது?

"மன்னிச்சிடுங்க," என்றாள். "பாப்பாவுக்காக. இன்னிக்கு ஒருநாள் மட்டும்."

கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிக் கண்ணாடியோரம் வைத்தாள். 'ஆம்' அழுத்தினாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெல்லப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். நறுக்.

"என் பெயர் ரொனால்ட்."