சங்கிலிப்பாண்டி விட்டுவந்த ஆள்

அப்பாவின் கால்தடங்கள் வரவர ஆழமாகிக்கொண்டே போயின.

ஐம்பது கிலோகூடத் தேறாத மனிதர் மந்திரமூர்த்தி. முதுகில் ஒரு பை, அதில் இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, அவ்வளவுதான். பின்னால் வந்த மகள் ஜெயபிரியாவின் செருப்பு ஈரமண்ணில் மேலாகப் பதிய, முன்னால் போகிறவருக்கோ கணுக்கால்வரை புதைந்தது. செண்பகாதேவி அருவிக்கு மேலே சாரல் இறங்கி, அழுகிய இலை வாடையும் அட்டை கடித்த அரிப்புமாகப் பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. போன வருஷம்தான் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மனிதரை முழுசாக வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அவர் கேட்டால்தானே? அவருடைய பூட்டன் சங்கிலிப்பாண்டி, வெள்ளைக்காரத் துரையோடு செடி சேகரிக்க இந்த மலையேறிய கூலியாட்களுக்கு மேஸ்திரி. அந்தப் பாதையில் ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, வனத்துறை அனுமதியும் வாங்கிவிட்டார். துரை எழுதிய குறிப்பேட்டின் நகலை அவள்தான் வழியில் படித்துக் காட்டினாள். அதில் இருந்த கதை இது: ஓடையில் வெள்ளம் வந்தபோது கூலியாள் ஒருவன் தலையில் பெட்டியோடு மண்டியிட்டுவிட்டான். தூக்கிவிட ஒரு கை கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினான். மேஸ்திரி பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு கரையேறினார்.

தலைச்சுமைக்காரன் கை கேட்டால் ஜென்ம எதிரிகூட மறுக்கமாட்டான். இவர்கள் பூட்டன் மறுத்திருக்கிறார்.

"அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்ட்டி," என்று சிரித்தார் அப்பா. அரை மணி நேரத்துக்கு முன், பாதையோரச் சுமைதாங்கிக் கல்லில் பையை இறக்கி வைத்திருந்தபோது. சிரித்ததோடு விட்டாரா? காட்டைப் பார்த்து, "யாருப்பா அங்கன? ஒரு கை குடுங்க!" என்று கேலியாகக் கூவினார். அவர் தொடும் முன்பே பை எழும்பித் தோளில் ஏறியதுபோல் இருந்தது. கண் ஏமாற்றியிருக்கும் என்று ஜெயபிரியா நடந்துவிட்டாள்.

இப்போது ஓடை. முழங்கால் தண்ணீர். நடுவில் அப்பா நின்றுவிட்டார்.

"யப்பா, என்ன செய்யுது?"

"கழுத்து... யாரோ ஏறி உக்காந்தமாதிரி அமுக்குதுட்டி."

ஓடிப்போய்ப் பையைக் கழற்றி வீசினாள். அது மிதந்து போனது. ஆனாலும் அப்பா மண்டியிட்டார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. மூக்கில் வியர்வை நாற்றம் ஏறியது. அப்பாவுடையது இல்லை.

மேலே உறுமல். தண்ணீர் செம்மண் நிறமானது. சருகு. குச்சிகள்.

"என்னைய விட்டுட்டுப் போயிராதட்டி!"

இடுப்பு. மார்பு. தாடை.

விட்டாள். தெரிந்தேதான் விட்டாள். பாறையைப் பிடித்து ஏறியதும் பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது, பிறகுதான் அழுகை.

திரும்பிப் பார்த்தாள்.

மரங்களைப் பிடுங்கிவந்த வெள்ளம் அப்பாவை அடித்துப்போகவில்லை. நெற்றிவரை முழுகி, அதே இடத்தில் மண்டியிட்டிருந்தார். அவர் தலைமேல் ஒருவன் குந்தியிருந்தான். கோவணம். எலும்பு தெரியும் மார்பு. உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. காலடியில் இருப்பவரை அவன் பார்க்கவேயில்லை. வெள்ளம் வடியட்டும் என்று காத்திருப்பவனைப்போல, அவசரமே இல்லாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.