மூச்சு வாங்க வாங்க

தேரிநகரில் விடிந்ததும் எல்லாரும் காற்றுப் பிடிக்கப் போவார்கள். வட்டத்துக்கு ஒரு குழாய். முதுகில் மாட்டிக்கொள்ளும் உருளைக்குக் குடம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குழாயடியில் வரிசை நிற்கும், வரிசையில் சண்டையும் நடக்கும். முந்தின நாள் கல்யாணத்தில் யார் வீட்டுக் குடத்தை யார் மாற்றி மாட்டிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தீரும். குடம் நிறைந்தால் ஒரு நாள் வண்டி ஓடும்.

செவ்வாயில் முதலில் இறங்கியவர்களில் பாதிப் பேர் சாத்தான்குளம் பக்கத்து ஆட்கள். தங்கள் ஊர்ச் செம்மணல் மேடுகளை அவர்கள் தேரி என்பார்கள். கண்ணுக்கெட்டிய வரை சிவந்து கிடந்த இடத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்தச் செந்தூசி நகரை மூடிய கூரைக்குள்ளும் வந்தது. வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குத் தூசுநெஞ்சு என்ற நோயைக் கொடுத்தது. கூரைக்குள் சுற்றிச் சுற்றி வரும் மெலிந்த காற்றில் துரு நாற்றமும் அடுத்தவர் வியர்வையும் கலந்திருக்கும். அதனால்தான் மணக்காற்று வியாபாரம் பிழைத்தது. விரல் நீளக் குப்பியைத் திறந்து மூக்கருகே பிடித்தால் மல்லிகை மணக்கும், இல்லாவிட்டால் புதுப் புத்தகம், பெட்ரோல், வறுத்த காபிக்கொட்டை. உயிர் வாழ அது உதவாது. ஆனாலும் வாங்கினார்கள்.

சுயம்புலிங்கமும் தங்கக்கனியும் மூன்றாம் வட்டத்தில் அப்படி ஒரு கடை வைத்திருந்தார்கள். சரக்கில் குறை சொல்ல முடியாது. தங்கக்கனி கலந்த மல்லிகையை முகர்ந்தவர்கள் வேறு கடைக்குப் போனதில்லை. முகர்வதற்குத்தான் ஆள் வரவில்லை.

காரணம் செவிமணி. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த நெல்மணி அளவு கருவி அது. எதைக் கேட்டாலும் ஒரே ஒரு விடை சொல்லும், சொன்ன கையோடு அந்த இடத்துக்கே அழைப்பை இணைத்தும் விடும். பழைய காலத்துத் தேடுபொறிகள் பக்கம் பக்கமாக விடைகளைக் காட்டினவாம். ஜனங்கள் முதல் விடைக்குக் கீழே கண்ணை இறக்கியதே இல்லை என்று கண்டதும், பூமியிலிருந்த நிறுவனத்தார் மற்றவற்றை நிறுத்திவிட்டார்கள். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மணக்காற்று என்று கேட்டால் எதிர்வரிசைக் கடையைத்தான் செவிமணி சொன்னது. சுயம்புலிங்கத்தின் கடை இரண்டாவது இடத்தில் இருந்தது. இரண்டாவது என்றால் இல்லை என்று அர்த்தம்.

கடையை மூடிவிட்டுப் பனிச்சுரங்கத்து வேலைக்குப் பெயர் கொடுப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கிளாட்வின் வந்தான். அவன் ஏத்துக்காரன். கடைகளைத் தேடலில் மேலே ஏற்றிவிடுகிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். ஒரு கடைக்கு எந்தச் சொற்களைச் சூட்டினால் செவிமணி மயங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மணக்காற்று என்ற சொல்லை எதிர்க்கடைக்காரர் இறுகப் பிடித்துவிட்டார், அதோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை என்று கிளாட்வின் சொன்னான். ஜனங்கள் நாள் முழுக்க வாய்விட்டுச் சொல்கிற வேறொரு சொல் வேண்டும். கடைவாசலில் நின்று கேட்டான். வட்டத்துக்கு வட்டம் ஏறுகிற சரிவுப் பாதை அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. குடத்தோடு ஏறுகிறவர்கள் அங்கே வந்ததும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள்: மூச்சு வாங்குது.

“அண்ணாச்சி, இது போதும்” என்றான் கிளாட்வின். “செவிமணியச் செஞ்சவனுக்குத் தமிழ் ஏட்டுத் தமிழ்தான். வாங்குதுன்னா அவன் யாவாரம்னுதான் நெனப்பான். இப்போதைக்கு ஒரு சந்தேகத்துல உயிர்காப்பு நிலையத்தச் சொல்லுதான். அந்தச் சந்தேகத்த நாம தீத்து வச்சிருவோம்.”

சுயம்புலிங்கம் சிரித்துவிட்டார். தங்கக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தூசுநெஞ்சு இருந்தது.

“ஏங்க, நெசமாவே ஒருத்தருக்கு மூச்சு வாங்கிச்சுன்னா?”

“அவுக உயிர்காப்பு நிலையம்னு கேட்டுட்டுப் போறாக. வாய் இருக்குல்லா?”

“மூச்சு இருந்தால்லா வாய் இருக்கும்.”

“நீ ஒருத்தி. ஊருல எவனும் செய்யாததயா நான் செய்யுதேன்?”

அவள் குப்பிகளை அடுக்கப் போய்விட்டாள். பனிச்சுரங்கத்தை நினைத்திருப்பாள்.

ஏற்றும் வேலை தொடங்கியது. கடையின் பெயரே ‘மூச்சு வாங்க வாங்க’ என்று மாறியது. உறவுக்காரர்கள் போகும்போதும் வரும்போதும் செவிமணி காதில் விழும்படி, மூச்சு வாங்கணும், சுயம்பு அண்ணாச்சி கடையில் வாங்கினேன், நல்ல மூச்சு என்று பேசிக்கொண்டார்கள். கிளாட்வின் ஆள் பிடித்து இன்னும் பல வாய்களைப் பேசவைத்தான். மாதம் முடிவதற்குள் செவிமணியின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. சரிவேறி நின்று யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் கடைக்கு அழைப்பு வந்தது. பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் சிரித்துவிட்டு, சரி, ஒரு காபிக்கொட்டை அனுப்புங்க என்றார்கள்.

அழைப்புகளை முதலில் தங்கக்கனிதான் எடுத்தாள். மறுமுனையில் நிஜமாகவே திணறுகிறார்கள் என்று தோன்றினால் உயிர்காப்பு நிலையத்துக்கு மாற்றிவிடுவாள். அழைப்புகள் பெருகியபோது அது முடியாமல் போனது. கிளாட்வின் ஒரு பதில்குரலைப் பொருத்திக் கொடுத்தான். சுயம்புலிங்கத்தின் குரலிலேயே, அவருடைய இழுவையோடும் கனிவோடும் அது பேசும். அது பேசுவதைக் கடைக்குள்ளும் ஒலிக்கவிடச் சொன்னான். இத்தனை அழைப்பா என்று நிற்கிறவர்கள் மலைப்பார்கள் என்றான். மலைத்தார்கள்.

மக்கள் கூரை நாள் என்று கொண்டாடும் பண்டிகைக்கு முந்தின தினம் கடையில் கால் வைக்க இடமில்லை. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கக்கனி வீட்டுக்குப் போயிருந்தாள். சுயம்புலிங்கம் இரண்டு கையாலும் குப்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் அவர் குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

“வாங்க, வாங்க. மூச்சு வாங்க வாங்க. என்ன மணம் வேணும்?”

சற்று இடைவெளி.

“ஆமா, நான்தான். சொல்லுங்க.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி, ஒமக்கு ரெண்டு வாயா என்றார் ஒருவர். சுயம்புலிங்கமும் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

“கேக்குது. அவசரமில்ல, மெதுவாச் சொல்லுங்க.”

இந்த முறை இடைவெளி நீண்டது.

“அப்ப மல்லிகையே அனுப்பிருதேன். ரொம்ப சந்தோசம்.”

கூட்டம் குறைந்தபிறகு அவர் வீட்டுக்குப் போனார். கதவருகே ஒரு மல்லிகைக் குப்பி இருந்தது. விநியோக எந்திரம் வைத்துவிட்டுப் போயிருந்தது. தன் கடைச் சரக்கையே தன் வீட்டுக்கு யார் வாங்கினார்கள் என்று நினைத்தபடி கதவைத் திறந்தார். தங்கக்கனி கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெபக்கனி ஓடி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு தகடுதான் சுவர். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

“மயினி ஒங்ககூடப் பேசிக்கிட்டு இருந்தாகளே, அண்ணாச்சி. மூச்சு வாங்குதுன்னாக. ஏங்க, நீங்களான்னு கேட்டாக. கேக்குதா, கேக்குதான்னாக. பெறவு, சீக்கிரம் வாங்கன்னு சொன்னாக. நீங்க வாரீயன்னுதான் நான் சும்மா இருந்துட்டேன்.”

ஒரு பாதியை அவள் கேட்டிருந்தாள். மறு பாதியைக் கடையில் நின்று அவர் கேட்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. உயிர்காப்பு நிலையம் என்று முழுதாகச் சொல்ல அவளுக்கு மூச்சு எட்டியிருக்காது. வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். புருஷன் குரல் கேட்டதும் நம்பியிருக்கிறாள். வாங்க என்று அவள் கெஞ்சியதைப் பதில்குரல் கொள்முதல் என்று எடுத்துக்கொண்டது. அப்போது கடையில் சிரித்தவர்களில் தானும் ஒருவர் என்பதை அவர் ஜெபக்கனியிடம் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிளாட்வினைக் கூப்பிட்டு, கடையைக் கீழே இறக்கு என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏத்தத்தான் தெரியும் அண்ணாச்சி. எறக்கச் சொல்லி இதுவர ஒருத்தரும் கேட்டதில்ல.”

பிறகு அவர் தாமாகவே குழாயடிக்குப் போனார். வரிசையின் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார். மூச்சு வாங்கினால் தயவுசெய்து என் கடையைக் கூப்பிடாதீர்கள் என்று கும்பிட்டார். ஜனங்கள் உருகிப்போனார்கள். அவர் பேசியது எல்லா வட்டங்களுக்கும் பரவியது. மூச்சு, வாங்க, சுயம்பு அண்ணாச்சி கடை என்ற சொற்கள் ஊரெல்லாம் ஒன்றாகப் புழங்கின. வேண்டாம் என்ற சொல் செவிமணிக்குப் பொருட்டில்லை. எத்தனை பேர் சொன்னார்கள் என்று மட்டும் அது எண்ணியது. அதுவரை மூன்று வட்டங்களில் முதலிடத்தில் இருந்த கடை, தேரிநகர் முழுவதற்கும் முதல் விடையானது. பூமிக்குப் புகார் அனுப்பினார்கள். புகாரைப் படித்துப் பதில் சொன்னதும் செவிமணியேதான். தங்கள் கடையின் வளர்ச்சிக்கு வாழ்த்துகள் என்று அது சொன்னது.

கடையை மூடலாமென்றால், திணறுகிறவனுக்குப் பதில் சொல்ல அந்தக் குரல்கூட இருக்காது. எனவே பதில்குரலைப் பிடுங்கிவிட்டு அவரே உட்கார்ந்தார். ஒவ்வொரு அழைப்பையும் எடுத்து, எந்த வட்டம், எந்த வீடு என்று கேட்டு உயிர்காப்பு நிலையத்துக்கு மாற்றினார். பலர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் அண்ணாச்சி கடையைப் போல உண்டா என்று புகழ்ந்தார்கள். புகழப் புகழ இடம் உறுதிப்பட்டது. மல்லிகை விற்பதை மட்டும் அவர் நிறுத்தியிருந்தார். அவர் நிறுத்தியதைப் பார்த்து எதிர்க்கடைக்காரரும் மரியாதைக்காக நிறுத்தினார்.

ஒரு மனுஷன் எத்தனை நாள் தூங்காமல் இருப்பார் என்று நகர்மன்றம் கூடிப் பேசியது. கடைசியில் உயிர்காப்பு நிலையத்து மருத்துவர் கோமதிநாச்சியார் கடைக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சுயம்புலிங்கம் எழுந்து நின்றார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார். மருத்துவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அந்த ஏத்துக்காரரோட நம்பர் ஒங்ககிட்ட இருக்குமா என்று கேட்டார்.

கிளாட்வின் நிலையத்துக்கு ஒரு சொல் தேடினான். மூச்சு என்ற சொல் போய்விட்டது, உயிர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆபத்து என்ற சொல்லைப் பூட்டுக்கடைகள் பங்குபோட்டிருந்தன. திணறுகிறவன் சொல்லக்கூடிய சின்னச் சொல்லாக, யாரும் தொடாததாக ஒன்றுதான் மிச்சமிருந்தது. நகர்மன்றம் அதை ஏகமனதாக ஏற்றது. குழாயடியில் எல்லாரும் ஒரு மாதம் அதையே பேசினார்கள். செவிமணி ஏற்றுக்கொண்டது. அந்த வருஷம் மூச்சுத் திணறிச் செத்தவர்கள் வெகு சிலரே. செவிமணியைத் திருத்தலாம் என்று ஆரம்பத்தில் பேசியவர்களும், இதுதான் சுளுவாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு வாரம் நடந்தபோது சுயம்புலிங்கத்தை வருந்தி அழைத்தார்கள். ஊருக்கு வழிகாட்டியவர் என்று ஆசிரியை அறிமுகம் செய்தார். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெஞ்சு அடச்சுக்கிட்டு வந்தா என்ன சொல்லணும், பிள்ளையளா?” என்று ஆசிரியை கேட்டார்.

“மல்லிகை” என்றன பிள்ளைகள்.

“கெட்டிக்காரப் பிள்ளைய. தாத்தாகிட்ட யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?”

பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

“மல்லிகைன்னா என்ன தாத்தா?”

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். தங்கக்கனி அதைக் கலக்கும்போது மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்கிற விதம் கண் முன்னால் வந்தது. ஆசிரியைப் பக்கம் திரும்பினார். ஆசிரியைக்கும் தெரியவில்லை. அவர் தலையை லேசாகச் சாய்த்துச் செவிமணியிடம் மெல்லக் கேட்டார். மறுகணம் உயிர்காப்பு நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸ் புறப்படும் ஓசை வகுப்புவரை கேட்டது.

பிள்ளைகள் கை தட்டினார்கள்.