இரண்டு அம்மாக்களின் தொட்டி

முட்டைகள் இந்த முறையும் பால்வெள்ளையாகிவிட்டன.

சுண்டு மீன்தொட்டியின் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். உயிருள்ள முட்டை தெளிவாக இருக்கும். தொட்டிக்குள் சாய்த்து வைத்த கூரை ஓட்டுத் துண்டில் ஒட்டியிருந்த இவற்றில் ஒன்றுகூட அப்படி இல்லை. மேலே பஞ்சுபோலப் பூஞ்சை வேறு.

இரண்டு மீன்களும் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மாறி மாறித் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தன.

"போதும், விட்டுடுங்க. அதுல ஒண்ணுமே இல்ல," என்றாள் சுண்டு.

அக்கா பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "நீ என்னடி பண்ணித் தொலச்ச?"

"ஒண்ணும் பண்ணல. அம்மா முட்டை போட்டுச்சு. அப்புறம் அப்பா போட்டுச்சு."

"யாரு போட்டுச்சு?"

"அப்பா."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி லூசு, ரெண்டுமே பொண்ணுடி!"

சுண்டுவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"ஆணோட அணு வந்து சேர்ந்தாத்தான் முட்டை கருவாகும். அது ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும், அப்புறந்தான் கண்ணு, வாலு எல்லாம். பூசணிகூட அப்படித்தான். மகரந்தம் விழலன்னா பிஞ்சு வெம்பிடும்."

"அப்போ இதுங்களுக்கு?"

"எப்பவும் வெள்ளைதான்," என்றாள் அக்கா மெதுவாக.

மீன்களை வாங்கிய வண்ணமீன் கடைக்குப் போய்ச் சுண்டு சொன்னதும், கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஆணா பொண்ணான்னு பாத்தா தெரியாது பாப்பா. ஒண்ணை மாத்திக் குடுக்கட்டுமா?"

"பிரிச்சா தாங்காதுங்கண்ணே."

பக்கத்துத் தொட்டியில் ஒரு ஜோடி தன் முட்டைகளையே கொத்தித் தின்றுகொண்டிருந்தது. "இதுங்க எப்பவும் இப்படித்தான். ஒண்ணைக்கூட விடாது," என்றார் அவர்.

சுண்டுவுக்கு அழுகை வந்தது. சட்டென்று நின்றது.

"மிச்சத்தையாவது எனக்குக் குடுங்கண்ணே!"

கடையிலிருந்து முட்டைகளோடு தண்ணீர்ப் பையில் வந்த ஓட்டுத் துண்டை வீட்டுத் தொட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, பழைய வெள்ளை முட்டைகளை வெளியே எடுத்தாள். மீன்கள் மூலையில் ஒதுங்கின. கிட்டேயே வரவில்லை.

"இதுங்களும் தின்னுட்டா?" சுண்டு கண்களை மூடிக்கொண்டாள்.

அக்கா தோளைத் தட்டினாள். 'அப்பா'தான் முதலில் வந்தது. கெட்டுப்போன ஒரு முட்டையைக் கொத்தி அப்புறப்படுத்தியது. பிறகு விசிறத் தொடங்கியது.

மறுநாள் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டன. அதற்கடுத்த நாள் இன்னும் சில. மூலையில் நான்கைந்து மட்டும் தெளிவாகக் கிடந்தன. நம்பிக்கையில்லாமல்தான் சுண்டு குனிந்து பார்த்தாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள், "மூச்சு விடாம வந்து பாரு. வாலு ஆடுது."