பேக்ரவுண்டு தப்பு, மேடம்

"பேக்ரவுண்டே தப்பா கீது, மேடம்."

கம்பெனி பஸ்ஸில் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சுகப்பிரியா வெடுக்கென்று திரும்பினாள். பக்கத்து இருக்கைக்காரன். மழையில் நனைந்த முடி... நிதானமான இரண்டு கண்கள். ஒரு நொடி அந்தக் கண்களையே பார்த்தாள். பிறகு கோபம் வந்தது.

நோயுற்ற செல்களில் எந்தெந்த மரபணுக்கள் அளவுக்கு மீறித் துள்ளுகின்றன, அவை சேர்ந்து என்ன வேலை செய்கின்றன என்று பத்து மணிக்கு அவள் டைரக்டரிடம் விளக்க வேண்டும். சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். மணி எட்டே முக்கால். பஸ்ஸோ வல்லக்கோட்டைத் திருப்பத்தில் லாரிகளுக்கு நடுவே நின்றது.

"நீங்க யாரு?"

"புருஷோத்தமன். ஊரு பென்னலூரு. உங்க சாம்பிளை ஜீனை அளக்குற சிப்புல ஏத்துனது நான்தான்."

"டெக்னீஷியனா? ஏத்துத வேலையோட நிறுத்திக்கிடுங்க. கணக்கு எனக்குத் தெரியும்."

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை.

"இந்த பஸ்ஸைப் பாருங்க. எல்லார் கழுத்துலயும் ஐடி கார்டு. ஜில்லா ஜனத்தோட ஒப்பிட்டு, 'இங்க கம்பெனி ஆளுங்க ஜாஸ்தி'ன்னா அது இன்னா கண்டுபிடிப்பு? கம்பெனி ஆளுங்களைத்தானே ஏத்துனோம்... நம்ம சிப்புல எழுநூறு ஜீன்தான். அல்லாமே நோய் எதிர்ப்புக்குன்னு பொறுக்குனது. நீங்க மனுசனோட இருபதாயிரம் ஜீனையும் பேக்ரவுண்டா வெச்சு ஒப்பிட்டுக்கினு கீறீங்க."

அவள் திரையைப் பார்த்தாள். 'நோய் எதிர்ப்பு' என்று முதல் வரியில் மின்னிய முடிவு... மென்பொருள் தானாக நீட்டிய இருபதாயிரம் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறாளே. அந்த எழுநூறை மட்டும் பின்னணியாக வைத்து மறுபடி ஓட்டினாள். பதினான்கு முடிவுகளில் பதிமூன்று காணாமல் போயின. ஒன்றே ஒன்று நின்றது... செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வழி.

நன்றி சொல்லத் திரும்பினால், அவன் எழுந்து கடைசி இருக்கைக்குப் போயிருந்தான்.

"எதை பேக்ரவுண்டா வெச்சீங்க?" டைரக்டரின் முதல் கேள்வியே அதுதான். திருத்தியவன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். வேலை நிரந்தரமானது.

ரோஷக்காரன், எட்டு நாள் அவள் பக்கமே வரவில்லை. அவளும் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம்பிடித்துப் பார்த்தாள்... ஒன்பதாம் நாள் வெட்கத்தை விட்டுத் தானே கடைசி இருக்கைக்குப் போனாள்.

"அன்னைக்குப் பேசுனது என் வாய்க்கொழுப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்க."

"வுடுங்க, மேடம்."

"இன்னொரு கணக்கு போட்டிருக்கேன். சரியான்னு பாருங்க..." அவள் குரல் உள்ளே போனது. "ஊருல உள்ள ஆம்பளைங்க எல்லாரோடயும் ஒப்பிடல. எங்கப்பா, எங்கண்ணன்... எனக்குப் பிடிச்சவங்களை மட்டும் பின்னணியா வச்சேன். அதுலயும் நீங்கதான் தனியாத் தெரியுதீங்க."

ஜன்னலில் மழை வழிந்தது. அவன் காது சிவந்துவிட்டது.

"பேக்ரவுண்டு கரெக்டா கீது," என்றான் மெல்ல. "எனக்கும் அதே ரிசல்ட்டுதான் வந்துச்சு, மேடம்."

"மேடமா?"

"...சுகா."