தலைப்பிள்ளைப் பேற்றுக்குக் கூட்டிவந்தவள்

கோட்டை ஸ்டேஷனில் அருந்ததி தனியாக நின்றாள். ஏழு மாதக் கர்ப்பிணியை ஒற்றையாய் அனுப்பிவிட்டு அந்த மருமகன் என்னத்தை வெட்டி விழுத்துகிறானோ என்று இராசமலருக்கு எரிச்சல் வந்தது. தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் கனகராயன்குளத்திலிருந்து புளியங்குளம் வந்து இரவு ரயிலேறி, வாழ்க்கையில் முதன்முறையாகக் கொழும்புக்கு வந்திருந்தாள்.

"அவர் எங்கை பிள்ளை?"

"வேலை அம்மா. பின்னேர ரயிலுக்குத்தானே போறம்? அதுக்கு முதல் கொழும்பைப் பாப்பம், வாங்கோ."

மேலே மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ், கண்ணாடிக்குள் சேலை கட்டி நிற்கும் பொம்மைகள், பெற்றோல் புகை, காலிமுகக் கடல்காற்றோடு வரும் வடை மணம் என்று இராசமலர் வாயைப் பிளந்தபடி நடந்தாள். ஆனால் எந்தத் தெருவிலும், எந்த மணத்துக்கும் அடியில், மகளின் சேலையிலிருந்து ஆசுபத்திரி மருந்து மணம் விடாமல் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு வெயிலிலும் அருந்ததிக்கு வேர்க்கவில்லை. தேத்தண்ணீரைத் தொடவுமில்லை. ஏழு மாதத்துக் களைப்பாக்கும் என்று தாய் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பொழுதுபடும் நேரம் ரயிலேறினார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி வன்னிக் காடு தாண்டும்போது மடியில் வேப்பிலையும் இரும்பும் இருக்கவேண்டும். வீட்டிலிருந்து முடிந்துகொண்டு வந்ததை இராசமலர் நீட்டினாள்.

"வேண்டாமம்மா. சுடுது."

"என்ன விசர்க்கதை? மடியிலை வை."

"அது கிடந்தா நான் வீட்டை வரேலாதம்மா."

அருந்ததி விம்மி விம்மி அழுதாள். அவள் அழுதால் இராசமலருக்குச் சின்ன வயதிலிருந்தே தாங்காது. பெற்ற மனம், என்ன செய்யும்? முடிச்சை ஜன்னலால் வீசிவிட்டாள்.

புளியங்குளத்தில் இறங்கியபோது விடிந்திருந்தது. வண்டில் கொண்டுவருவதாகச் சொன்ன கணவர் ஏரம்புவைக் காணவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி, ஒழுங்கைக்குள் நடந்தார்கள். தன் காலடிச் சத்தம் கேட்டது. மகளுடையது கேட்கவில்லை. மருந்து மணம் மட்டும் பின்னால் வந்தது. இராசமலர் திரும்பிப் பார்க்கவில்லை. பயம். ஏனென்று தெரியாத பயம்.

வீட்டுப் படலையடியில் சனம். ஏரம்பு தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தந்தி வந்ததப்பா! நீ ரயிலேறின அண்டிரவே... பிள்ளை பிறக்கேக்கை, எங்கட அருந்ததியும் குழந்தையும் செத்துப்போச்சுதுகள். மருமோன் ஸ்டேஷனெல்லாம் உன்னைத் தேடித் திரிஞ்சவராம்."

ஐயோ என்று கத்த வாயெடுத்தாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. பச்சைக் குழந்தை.

ஏரம்புவுக்கும் கேட்டது. அவர் முகம் வெளிறியது. சனம் பின்வாங்கியது.

"அம்மா, பிள்ளைக்குப் பசிக்குது. எங்களை உள்ளுக்குக் கூப்பிடுங்கோவன்."

திரும்பினாள். அருந்ததியின் வயிறு ஒட்டிக் கிடந்தது. கையில் ஆசுபத்திரித் துணியால் சுற்றிய ஒரு பொட்டலம்.

"தொடாதை!" ஏரம்பு அலறினார்.

"வா ராசாத்தி," என்று இராசமலர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். துணிக்குள்ளிருந்து ஒரு நீல வாய் திறந்து, அவள் மார்பைத் தேடியது.